ஒலியைக் காத்த கருவிகள்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் மெல்லிசை தொடங்குமுன் நிகழும் சிறு காட்சி ஒன்றை அன்பர்கள் பலமுறை கண்டிருப்பர். விசைப்பலகைக்கு முன் அமர்ந்த இளைஞர் ஒரு பொத்தானை அழுத்துவார், வீணை ஒலிக்கும். மற்றொன்றை அழுத்துவார், குழல் ஒலிக்கும். பிறிதொன்றில் முப்பது வயலின்கள் ஒருங்கே எழும். அரங்கில் எவரும் வியப்பதில்லை. குழாயைத் திறந்தால் நீர் வருவது போல அதனையும் இயல்பென்று கொண்டுவிட்டோம். ஆயின், ஒரு பொத்தானுக்குள் ஓர் ஒலியை இருத்திவைக்க மாந்தர் பட்ட பாடு சிறிதன்று. அவ்வரலாற்றின் ஒரு பகுதி நாம் குடியேறி வாழும் இந்த அகமதாபாத் நகரிலேயே நிகழ்ந்தது என்பது நம்மவருள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும். மற்றொரு சிறு பகுதி நம் குடியிருப்பின் மூன்றாம் தெருவில் நிகழ்ந்தது. அதனைக் கடைசியில் கூறுவோம்.

இங்கு நாம் பேசப்புகுவது அனலாக் சிந்தசைசர் என வழங்கும் பழைய வகைக் கருவிகளைப் பற்றியே. இன்றைய விசைப்பலகைகளுட் பல, மெய்யான கருவிகளின் ஒலியை முன்னரே பதிந்துவைத்து, வேண்டும்போது திருப்பி ஒலிப்பவை. அனலாக் கருவி அத்தகையதன்று. அதற்குள் எந்த வீணையும் இல்லை. எந்தக் குழலும் இல்லை. உள்ளது மின்சாரம் ஒன்றே. அலைவி என்னும் உறுப்பு இரம்பப் பல் போன்றும், சதுரம் போன்றும், முக்கோணம் போன்றும் மின் அலைகளை எழுப்பும். அலையின் விரைவு சுருதியாகும். அலையின் வடிவு ஒலியின் நிறமாகும். இவ்வாறு எழுவது பெரும்பாலும் முரட்டு ஒலியே. வடிகட்டி என்னும் உறுப்பு அதிலிருந்து வேண்டாத மேற்சுரங்களை நீக்கும். பெருக்கி, ஒலி எழும் போக்கையும் தணியும் போக்கையும் வகுக்கும். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென எழுந்து மெல்லத் தேய்கிறது. நாகசுரத்திலோ மூச்சு உள்ளவரை குறையாது நிற்கிறது. இவ்வேறுபாட்டை எழுச்சி, தணிவு, நிலை, ஓய்வு என்னும் நான்கு அளவுகளால் அனலாக் கருவி குறித்துக்கொள்கிறது. ஆகவே இக்கருவியில் ஓர் ஒலி என்பது பல குமிழ்கள் எவ்வெவ்விடத்தில் நிற்கின்றன என்பதன் தொகையே அன்றி வேறில்லை. குமிழ்களைக் கலைத்தால் ஒலியும் கலையும். இதனை நினைவில் இருத்திக்கொண்டால் பின்னர் வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

அமெரிக்க நாட்டு இராபர்ட் மூக் என்பவர் இளமையில் தெரமின் என்னும் மின்னிசைக் கருவிகளைச் செய்து விற்றுவந்தவர். 1964ஆம் ஆண்டில் ஹெர்பெர்ட் டாய்ச் என்னும் இசையறிஞருடன் கூடி அவர் அமைத்த கருவியே இவ்வகைக்கு வழி திறந்தது. அதே ஆண்டின் அக்டோபர் திங்களில் ஒலிப் பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் அதனைக் காட்டினார். அவர் கண்ட நெறி மிக எளியது: ஒரு வோல்ட் மின்னழுத்தம் கூடினால் சுருதி ஒரு தாயி ஏற வேண்டும். கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேற்சட்ஜத்திற்கு ஒரு வோல்ட் என்று நம்மவர் கூறிக்கொள்ளலாம். அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினால் தனித்தனிச் சுரங்கள் பிறக்கும். இடையறாது உயர்த்தினால் சுரம் வழுக்கிச் செல்லும். மேலைநாட்டார் இதனை விந்தையென்று கருதினர். கமகத்தைத் தாலாட்டிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பயன் சொல்லாமலே விளங்கும்.

மூக்கின் முதற் கருவிகளில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனிப் பெட்டியாக இருந்தது. அவற்றைப் பழைய தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பது போலக் கம்பிகளால் இணைக்க வேண்டும். அவ்வாறு கம்பி மாட்டி இணைத்தலையே ‘பேட்ச்’ என்றனர். பிற்காலத்தில் கம்பிகள் மறைந்த பின்னும் ஒலிக்குப் ‘பேட்ச்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. இன்று கைபேசியில் ஒலி இறக்கும் சிறுவனும் அப்பெயரையே சொல்கிறான். அமெரிக்க மேற்குக் கரையில் டான் புக்லா என்பவரும் அதே காலத்தில் கருவி அமைத்தார். பியானோவின் கட்டைகளைக் கண்டால் பழைய இசையே கைக்கு வரும் என்று கருதி, அவர் அவற்றை ஒதுக்கித் தொடுதகடுகளை வைத்தார். கொள்கை உயர்ந்ததே, ஆயினும் கட்டைகள் உள்ள கருவியே கடைகளில் விற்றது.

இனி நம் நகருக்கு வருவோம். மணிநகரிலிருந்து ஆற்றைக் கடந்து பால்டிக்குச் செல்வோர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வாயிலைக் கண்டிருப்பர். சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கௌதம், கிரா ஆகிய இருவரின் முயற்சியால் 1961இல் எழுந்த அந்நிறுவனத்தில், 1969ஆம் ஆண்டில் ஒரு மூக் கருவி வந்து அமர்ந்தது. அதனை நிறுவித் தந்தவர் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்கப் பியானோ மேதை. இதற்குப் பின்புலமாக நின்ற நட்பு பழையது. அதே குடும்பத்து கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் சென்றபோது ஜான் கேஜ் என்னும் இசையமைப்பாளருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலை இசையைக் கற்றார். அந்தக் கேஜின் நெருங்கிய தோழரே டியூடர்.

1969 முதல் 1972 வரை அந்நிலையத்தில் கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் மின்னிசைப் படைப்புகளை உருவாக்கினர். அவர்கள் ஒலியை எங்ஙனம் காத்தனர்? கம்பிகளை மாட்டி, குமிழ்களைத் திருகி ஓர் ஒலியை அடைவர். அடைந்ததும் ஒலிநாடாவில் பதிவர். மறுநாள் வேறொருவர் வந்து கம்பிகளை உருவினால் நேற்றைய ஒலி கருவியில் இராது. கருவிக்கு நினைவில்லை, நாடாவுக்கே நினைவு. அந்நாடாக்களும் நெடுங்காலம் நிறுவனத்தின் காப்பகத்தில் உறங்கின. பால் பர்காஸ் என்னும் இங்கிலாந்துக் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்து, 2020இல் பி.பி.சி. வானொலியில் அவ்வரலாற்றை எடுத்துரைத்தார். 2023இல் அந்த இசை இசைத்தட்டாகவே வெளிவந்தது. சென்னையிலிருந்து விருந்தினர் வந்தால் நாம் காந்தியடிகள் ஆசிரமத்தையும் அசையும் மினாரையும் காட்டி அனுப்புகிறோம். இந்தியாவின் முதல் மின்னிசை நிலையம் இருந்த இடமும் பேருந்து வழியில்தான் இருக்கிறது.

நினைவில்லாக் கருவிகளுள்ளும் தரவேறுபாடு உண்டு. 1970இல் வந்த மினிமூக் கம்பிகளை அறவே நீக்கியது. மூன்று அலைவிகள், ஒரு வடிகட்டி, ஒரு பெருக்கி ஆகியன உள்ளேயே இணைக்கப்பட்டன. ஒரு சமயத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். இடக்கைப் பக்கம் இரண்டு சக்கரங்கள்: ஒன்று சுருதியை வளைக்கும், மற்றொன்று அசைவு தரும். நம் இசைக்கு மிக நெருங்கிய மேலைக் கருவி எதுவென்று கேட்டால், அச்சக்கரங்களின் பொருட்டு மினிமூக்கையே சுட்டுவோம். ஒரே சுரம் ஒலிப்பது குழலுக்கும் நாகசுரத்திற்கும் குறையன்று. அதுவே அவற்றின் இலக்கணம்.

1971இல் வந்த ஏ.ஆர்.பி. 2600 இடைவழி கண்டது. ஆலன் ஆர். பேர்ல்மன் என்பவரின் பெயரெழுத்துகளே அந்நிறுவனத்தின் பெயர். உறுப்புகள் உள்ளே இணைந்திருக்கும். விரும்பினால் கம்பி மாட்டி அவ்விணைப்பை மாற்றிக்கொள்ளலாம். கற்போருக்கு இதனினும் சிறந்த கருவி இல்லை என்பது நம் துணிபு. 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் சிறு உருளை இயந்திரம் ஒன்று குழந்தை போலக் கூவிப் பேசுமன்றோ, அக்குரலை ஆக்குவதற்கு இக்கருவியும் பயன்பட்டது. இங்கிலாந்தில் 1969இல் தோன்றிய வி.சி.எஸ். 3 கம்பிக்கு மாற்றாகப் பல்லாங்குழி போன்ற ஒரு பலகையைக் கொண்டது. பதினாறு வரிசை, பதினாறு நிரல். எந்தக் குழியில் ஊசியைச் செருகுகிறோமோ அந்த இணைப்பு உண்டாகும். விந்தை ஒலிகளுக்கு அது வல்லது. சுருதி நிற்பதில் அத்துணை வல்லதன்று.

இம்மூன்றிலும் ஒலியைக் காக்கும் வழி காகிதமே. கருவியின் முகப்பை அச்சிட்ட தாளில் ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு வட்டம் இருக்கும். அதில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக் குமிழின் நிலையைக் குறிப்பர். புதிய ஒலியைக் கருவியில் ஏற்றுவதென்றால் அத்தாளைப் பார்த்துக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்புவதே ஆகும். சில நிமிடம் பிடிக்கும். தாளின் வழி நடந்தாலும் அதே ஒலி வருமென்று உறுதியில்லை. கோட்டின் பருமனளவு குமிழ் பிசகினால் வடிகட்டியின் குரல் மாறும். அறையின் வெப்பம் மாறினால் சுருதி நழுவும். மேடையில் ஒரு பாட்டிற்கும் அடுத்ததற்கும் இடையே இவ்வளவும் செய்ய முடியாமையால், வசதி படைத்தோர் ஒலிக்கு ஒரு கருவியாகப் பல கருவிகளைச் சுமந்து திரிந்தனர். 1969 ஆகஸ்டில் நியூயார்க் நவீன கலைக் காட்சியகத்தின் தோட்டத்தில் நடந்த கச்சேரிக்காக மூக் ஓர் உபாயம் செய்தார். சிறு குமிழ்கள் நிறைந்த பெட்டிகளில் ஒலிகளை முன்கூட்டியே அமைத்துவைத்து, மேடையில் பொத்தானை அழுத்தி வேண்டிய பெட்டியை அழைக்கும்படி செய்தார். அக்கருவிகளுள் ஒன்றைப் பின்னர் கீத் எமர்சன் வாங்கி உலகெங்கும் வாசித்தார். பொத்தானுக்கு ஓர் ஒலி என்னும் வழக்கம் இங்குத் தலைகாட்டியது.

ஜப்பானிய யமஹா நிறுவனத்தார் 1977இல் கொணர்ந்த சி.எஸ். 80 இவ்வுபாயத்தின் உச்சம். 80 கிலோவுக்கும் மேற்பட்ட எடை. எட்டுச் சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும். சுரத்தை வழுக்கிச் செலுத்த நீண்ட பட்டையொன்றும் உண்டு. அதன் மூடியைத் திறந்தால் முகப்பிலுள்ள குமிழ்கள் அனைத்தும் பொம்மைக் கொலு போலச் சிறு உருவில் நான்கு முறை அமைந்திருக்கும். நான்கு ஒலிகளைக் காக்க நான்கு சிறு முகப்புகள்! நாற்பது ஒலிகளைக் காக்க வேண்டுமாயின் கருவியை யானைமேல்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

அந்த நாற்பதை 1978இல் ஒருவர் செய்து காட்டினார். கலிபோர்னியாவின் டேவ் ஸ்மித் கணினியும் மின்னியலும் கற்றவர். 1974இல் சீக்குவென்ஷியல் சர்க்யூட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கியவர். ஐந்து சுரம் ஒலிக்கும் அவருடைய புரொஃபெட் 5 கருவியில் ஒலியை எழுப்புவது அனலாக் உறுப்புகளே. ஆயின் குமிழ்களை நேரே ஒலியுறுப்போடு பிணைக்காமல் நடுவில் இசட் 80 என்னும் நுண்செயலியை அமர்த்தினார். அது குமிழ்களின் நிலையை ஓயாது நோட்டமிட்டு எண்களாக மாற்றும். ‘பதிக’ என்று பொத்தானை அழுத்தினால் அவ்வெண்கள் நினைவகத்தில் சென்று தங்கும். கருவியை அணைத்தாலும் உள்ளிருக்கும் சிறு பேட்டரி அந்நினைவைக் காக்கும். இவ்வாறு நாற்பது ஒலிகள். முன்னர்ச் சில நிமிடம் பிடித்தது இப்போது கண்ணிமைப்பில் முடிந்தது.

இதனால் விளைந்த நன்மை பெரிது; உடன் விளைந்த வேறொன்றையும் கூறியாக வேண்டும். மினிமூக்கில் குமிழ்களைப் பார்த்தே ஒலியை அறியலாம். முகப்பே ஒலியின் படம். புரொஃபெட்டில் நினைவிலிருந்து ஓர் ஒலியை அழைத்தால் குமிழ்கள் அசைவதில்லை. குமிழ் ஓரிடம் காட்டும். ஒலி வேறிடம் நிற்கும். தொட்ட மாத்திரத்தில் ஒலி குமிழ் இருக்கும் இடத்திற்குத் தாவும். முகம் ஒன்றும் அகம் ஒன்றுமான இந்நிலைக்குப் பழகியவர்கள் மெல்ல மெல்லக் குமிழைத் தொடுவதையே விட்டனர். ஆலையார் ஏற்றி அனுப்பிய ஒலிகள் நாற்பதும் நன்றாகவே இருந்தமையால், புதிதாக ஒன்று செய்வானேன் என்னும் எண்ணம் எழுந்தது. மேலும், நினைவகம் காப்பது முகப்பை மட்டுமே. சக்கரத்தை விரலால் எந்தக் கணத்தில் எவ்வளவு வளைத்தோம் என்பது அதில் ஏறுவதில்லை. வாசிப்போன் கையில் இருப்பது கையிலேயே இருக்கிறது.

நினைவகம் நிறைந்தபின் புதிய ஒலிக்கு இடம் எங்கே? இதற்கு விடை நம் எல்லார் வீட்டிலும் இருந்தது: கேசட். 1981இல் வந்த ரோலண்டு ஜூப்பிடர் 8 கருவியில் 64 ஒலிகள். 1982இன் ஜூனோ 60 கருவியில் 56. 1984இன் ஜூனோ 106 கருவியில் 128. இவையனைத்தும் தம் நினைவைக் கேசட்டில் இறக்கவும் கேசட்டிலிருந்து ஏற்றவும் வல்லவை. பூச்சியம், ஒன்று என்னும் இரண்டு குறிகளையும் இரு வேறு சுருதிகளாக மாற்றி நாடாவில் பதிவர். அதனை ஒலிபெருக்கியில் கேட்டால் சீழ்க்கையும் கீச்சொலியும் கலந்து காதைக் குடையும். அதற்குள் இருப்பது இனிய ஒலிகளின் இலக்கணம் என்று எவரும் நம்பார்.

ஏற்றும் முறையைச் சிறிது விரித்துக் கூறுவோம். முதலில் கருவியின் பின்புறமுள்ள காப்பு விசையைத் தளர்த்த வேண்டும். இறுக்கியிருந்தால் நினைவகம் புதியதை ஏற்காது. பின்னர் டேப் ரிக்கார்டரின் ஒலியளவைச் சரிசெய்ய வேண்டும். குறைந்தால் கருவிக்குக் கேளாது, மிகுந்தால் எழுத்துக்கள் சிதையும். பதிந்தபின் ‘சரிபார்’ என்னும் பொத்தானை அழுத்தி நாடாவை மீண்டும் ஒருமுறை ஓட்ட வேண்டும். இதனைச் செய்யச் சோம்பியவர்கள் பின்னர் வருந்தினர். எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு: புதிய தொகுதியை ஏற்றினால் பழைய தொகுதி முழுதும் அழியும். ஆகவே இறக்கிய பின்னரே ஏற்ற வேண்டும். இன்று அப்பழைய நாடாக்களின் கீச்சொலியைக் கணினிக் கோப்பாக்கி, கைபேசியிலிருந்தே கம்பி வழியாகக் கருவியின் காதில் ஊதுகின்றனர். கேசட் போயிற்று; கீச்சொலி போகவில்லை.

ஜூப்பிடர் 8 கருவிக்கு நம் நாட்டில் ஒரு தனிச் சிறப்புண்டு. பம்பாய்த் திரையிசையில் பல்லாண்டு வாசித்த சரண்ஜித் சிங் என்பார் 1982இல் அக்கருவியையும், டி.பி. 303, டி.ஆர். 808 என்னும் இரு சிறு ரோலண்டு கருவிகளையும் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அக்காலத்தில் அதனை வாங்குவார் இல்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது, சிகாகோ நகரத்தார் 1980களின் பிற்பகுதியில் கண்டதாகக் கூறப்பட்ட ஒரு நடன இசைக்கு இது முன்னோடி போலும் என்று மேலைநாட்டார் திகைத்தனர். அவர் 2015இல் மறைந்தார். பைரவியும் இலலிதமும் அக்கருவியில் வழுக்கிச் செல்வதைக் கேட்டால், குமிழைத் தொட அஞ்சாத கை எதுவென்று விளங்கும்.

கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொதுமொழி 1983இல் பிறந்தது. டேவ் ஸ்மித்தும் ரோலண்டு நிறுவனர் இக்குதாரோ கக்கேஹாஷியும் முன்னின்று, போட்டி நிறுவனங்கள் கூடி வகுத்த அதற்கு மிடி என்று பெயர். அவ்வாண்டு சனவரியில் அமெரிக்க வணிகக் காட்சியொன்றில் புரொஃபெட் 600 கருவியையும் ஜூப்பிடர் 6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்தனர். ஒன்றில் வாசிக்க மற்றொன்று ஒலித்தது. பகைவர் இருவர் ஒரு பந்தியில் அமர்ந்தது போன்ற காட்சி அது. அவ்விருவருக்கும் 2013இல் கிராமி தொழில்நுட்ப விருது கிட்டியது.

இம்மிடியின் வழியே ஒலியையும் அனுப்பலாம். ஜூனோ 106 கருவியின் ஓர் ஒலி, 16 நழுவு குமிழ்களின் நிலையும் பிற விசைகளைக் குறிக்கும் இரண்டு எண்களும் ஆக 18 எண்களில் அடங்குகிறது. முன்னும் பின்னும் முகவரி சேர்த்து 24 எண்கள். மிடிக் கம்பியில் அது செல்ல நூறில் ஒரு விநாடிகூட ஆகாது. கருவியின் பின்புறச் சிறு விசை மூன்றாம் நிலையில் நிற்க வேண்டும், அவ்வளவே. ஆயின் இங்கு ஒரு சுவரும் எழுந்தது. சுரங்களை அனுப்புவதற்குப் பொதுமொழி வகுத்தவர்கள், ஒலிகளை அனுப்புவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் வீட்டுமொழியே பேசலாம் என்று விட்டனர். சீக்குவென்ஷியலுக்கு 1, மூக்குக்கு 4, ரோலண்டுக்கு 65, கோர்குக்கு 66, யமஹாவுக்கு 67 என்று அடையாள எண்கள் அளித்தனர். தன் எண்ணைக் கேட்ட கருவி செவி சாய்க்கும், மற்றவை வாளா இருக்கும். குறை சொல்வதற்கில்லை. இரண்டு அலைவிகள் உள்ள கருவியின் ஒலியை ஓர் அலைவியே உள்ள கருவிக்கு எப்படிக் கொடுப்பது? மூக்கின் வடிகட்டி ஒரு குரல், ரோலண்டின் வடிகட்டி வேறு குரல். ஒரு கருவியின் ஒலி மற்றொன்றில் வேண்டுமாயின் காதால் கேட்டுப் புதிதாகவே சமைத்தாக வேண்டும். ஒரே வகையைச் சேர்ந்த இரு ஜூனோக்களுக்கு அதே 18 எண்களைக் கொடுத்தாலும், உறுப்புகளின் அகவை வேறுபாட்டால் நுண்ணிய வேற்றுமை காதில் தட்டும். ஒரே பாட்டியின் குழம்பை இரு மருமகள் வைத்தாற்போல என்க.

1983இல் யமஹாவின் டி.எக்ஸ். 7 வந்தது, அது முற்றிலும் டிஜிட்டல். அனலாக் கருவிகள் மலிவாகக் கைமாறத் தொடங்கின. இளையராஜா இசையமைத்து 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’, கணினியைக் கொண்டு இசை கோத்த தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்று. எனினும் அனலாக் மாண்டுவிடவில்லை. 2020இல் புரொஃபெட் 5 மீண்டும் வெளிவந்தபோது 200 ஒலிகளை நாமே பதிந்துகொள்ள இடம் இருந்தது. 2022இல் மினிமூக் மீண்டும் வந்தபோதோ, பழையது போலவே நினைவகம் இல்லாமல் வந்தது. வாங்குவோர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை.

இனி மூன்றாம் தெருவின் செய்தி. நாம் அனைவரும் மாஸ்டர் என்றழைக்கும் முதியவர், பகலில் ஆலையிலும் மாலையில் நம் மெல்லிசைக் குழுவிலும் உழைத்தவர். 1988இல் பம்பாயிலிருந்து பழைய ஜப்பானியக் கருவியொன்றை வாங்கிவந்தார். அதன் பெயர் இங்கு வேண்டா. அக்காலத்தில் நம் குடியிருப்பின் திருமணங்களுக்குத் தஞ்சைப் பகுதியிலிருந்து நாகசுரக்காரரை வருவிப்பது எல்லாராலும் இயலாத செலவு. மாஸ்டர் ஒரு கோடை முழுதும் அமர்ந்து நாகசுர ஒலியொன்றை அக்கருவியில் சமைத்தார். சதுர அலையை ஒடுக்கி, வடிகட்டியை விரையத் திறந்து, சீவாளியின் கரகரப்புக்காக மெல்லிய அசைவு சேர்த்தார். நம் இல்லத் திருமணம் ஒன்று உட்பட எத்தனையோ திருமணங்களில் தாலி கட்டும் வேளையில் ஒலித்தது அதுவே. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தனர். பிறகு கண் துடைத்தனர்.

1996இல் ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன் கருவியின் பேட்டரி உயிர் நீத்தது. நினைவகத்தில் ஒன்றும் இல்லை. மாஸ்டர் கலங்கவில்லை, கேசட் இருந்தது. அலமாரியைத் திறந்து அதனை ஓட்டினார். கீச்சொலி வரவில்லை, சஷ்டி கவசம் வந்தது. வீட்டம்மையார் அந்நாடாவைக் கேட்டு, வெறும் இரைச்சலாக இருக்கக் கண்டு, கெட்டுப்போன கேசட் என்று எண்ணி, வானொலியிலிருந்து அதன்மேல் பதிந்துவிட்டார். அவரை யார் குறை கூற முடியும்?

எஞ்சியது ஒரு திருமண அழைப்பிதழ். அதன் பின்புறத்தில் முதற் கோடையிலேயே மாஸ்டர் பென்சிலால் வட்டங்கள் வரைந்து குமிழ்களின் நிலையைக் குறித்திருந்தார். அன்றிரவு நாம் உடனிருந்தோம். தாளைப் பார்த்துக் குமிழ்களை நிறுத்தினார், ஒலி வந்தது. ஆயின் அவர் முகம் தெளியவில்லை. விடியுமட்டும் ஒரே குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். விழாவில் கேட்டவர்கள் வேறுபாடு காணவில்லை. அவரோ, பழைய ஒலியில் மேற்பஞ்சமத்தில் ஒரு சிறு பிசிறு இருந்தது, அது குறையென்று எட்டாண்டு நினைத்திருந்தேன், இப்போது அது வரமாட்டேனென்கிறது என்றார்.

பேட்டரி பின்னர் இருமுறை மாற்றப்பட்டது. சென்ற ஆண்டு மாஸ்டரின் பேரன் அவ்வொலியைக் கேசட் கீச்சொலியாகவே கணினியில் பதிந்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறான். அழைப்பிதழின் படி ஒன்று நம் சங்க நூலகத்தின் மேசையறையில் இருக்கிறது, விரும்புவோர் காணலாம். இவ்விழாவில் மங்கல இசை அக்கருவியிலேயே ஒலிக்கும். மாலை 6 மணி நிகழ்ச்சிக்கு 5 மணிக்கே மின்சாரம் கொடுத்துவிட வேண்டுமென்று மாஸ்டர் செயலாளரிடம் இருமுறை சொல்லியனுப்பியிருக்கிறார். சூடேறாமல் அதன் சுருதி நிற்காது.